கத்திக்கு முன்னால் கல்

சவரக்கத்தியோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கத்தியைப் பற்றியேதான் பேசுவார்கள். ஷெஃபீல்டு எஃகு உசத்தியா, சொலிங்கன் உசத்தியா? எத்தனை நம்பர் கல்லில் முடித்தால் முகத்தில் சுகமாக ஓடும்? தோல்வாரில் எத்தனை இழுப்பு இழுக்க வேண்டும்? எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் நான் அவர்களிடம் கேட்பது ஒன்று உண்டு: "கல்லைக் கடைசியாக எப்போது மட்டம் பார்த்தீங்க?" அப்படி ஒரு வேலை இருப்பதையே பலர் அப்போதுதான் கேள்விப்படுகிறார்கள். 'பதமே நிற்க மாட்டேங்குது' என்ற புகாரோடு வருகிற கத்திகளில் மிகச் சிலவற்றில்தான் எஃகில் குறை இருக்கிறது. மற்றவற்றின் குறை, அவை தீட்டப்பட்ட கல்லில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சவரத்தொழில். தாத்தா நீலகிரியில் வெலிங்டன் ராணுவக் குடியிருப்பில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது ஒரு ஷெஃபீல்டு கத்தி, ஒரு தோல்வார், மேலே மஞ்சளும் கீழே கருநீலமுமாக இரண்டு அடுக்கு ஒட்டிய கல் ஒன்று என மூன்று பொருள்களைக் கொண்டுவந்தார். அவற்றை வைத்துத்தான் அப்பா கோயம்புத்தூரில் சலூன் திறந்தார். நான் தீட்டப் பழகியதும் அந்த மஞ்சள் கல்லில்தான். கத்தி இழுக்கிறது என்று யாராவது சொன்னால் அப்பாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "கத்தியக் குத்தஞ் சொல்லாத கண்ணு. மொதல்ல கல்லப் பாரு."

இந்தத் தொழில் நடுவில் ஒருமுறை அறுந்துபோனது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வு அது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. விழிப்புணர்வு ஊரெல்லாம் பரவியது. "புது பிளேடு போடுங்க" என்று வாடிக்கையாளர்களே கேட்கத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது முழுக்க நியாயம். ஒரே கத்தியால் பலரை வழிப்பதில் உயிராபத்து இருக்கிறது என்று தெரிந்த பிறகு பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பெருமை ஏதுமில்லை. பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்தி வந்தது. கல்லும் வாரும் பெட்டிக்குள் போயின.

அவை மறுபடி வெளியே வந்ததற்குக் காரணம் வேறொரு கூட்டம். தன் முகத்தைத் தன் சொந்தக் கத்தியால் தானே வழித்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள். தாத்தாவின் பெட்டியில் கிடைத்த துருப்பிடித்த கத்தி, பழைய சாமான் கடையில் வாங்கிய கத்தி, சொலிங்கனிலிருந்து புதிதாகத் தருவித்த கத்தி என்று விதவிதமாகக் கூரியரில் வருகின்றன. அப்பா காலத்தில் எங்கள் கல்லுக்கு எங்கள் கத்திகள் மட்டும்தான் வந்தன. இன்று யார் யாரோ எந்தெந்தக் கல்லிலோ தீட்டிய கத்திகள் என் கல்லுக்கு வருகின்றன. அப்பா சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு விளங்கியது இதற்குப் பிறகுதான்.

சமையல் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கை தீர்மானிக்கிறது. சவரக்கத்தியில் கைக்கு அந்த அதிகாரம் கிடையாது. கத்தியைப் படுக்கவைத்து, முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும்படிதான் தள்ளுகிறோம். முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர், முதுகிலிருந்து வாய்வரை 18 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வாயின் கோணம் சுமார் 16 டிகிரி. கத்தியை அடித்தவர் அன்றைக்கே முடிவு செய்துவிட்ட கோணம் அது. கோணத்தைக் கத்தி தருகிறது. நேர்கோட்டைக் கல் தர வேண்டும். கையின் வேலை, குறுக்கே புகாமல் இரண்டையும் சேர்த்துவைப்பது.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இதன் கனம் புரியும். மனித முடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான். அதை வெட்டுகிற கத்தியின் நுனி, நல்ல பதத்தில் அரை மைக்ரானுக்கும் கீழே. இப்போது 70 மில்லிமீட்டர் அகலமுள்ள கல்லின் நடுவில், குறுக்குவாட்டில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குழி விழுந்திருக்கிறது என்று வையுங்கள். சும்மா பார்த்தால் கண்ணுக்குப் படாது. கத்தியைக் குறுக்கே படுக்கவைத்தால் அது கல்லின் இரண்டு ஓரங்களிலும் தாங்கிக்கொள்ளும், நடுவாய் அந்தரத்தில் நிற்கும். அரை மைக்ரான் நுனி உருவாக வேண்டிய இடத்தில் 100 மைக்ரான் இடைவெளி. என்ன தள்ளு தள்ளினாலும் அங்கே கல் படாது. படவில்லை என்றதும் ஆட்கள் அழுத்திப் பார்ப்பார்கள். குழிவாக அரைத்த சவரக்கத்தியின் வயிறு மிக மெல்லியது. அழுத்தினால் அது வளைந்துகொடுக்கும், முதுகும் ஓரங்களும் வீணாகத் தேயும். பதம் மட்டும் வராது.

நெடுக்குவாட்டில் விழும் குழி அப்படியல்ல. 200 மில்லிமீட்டர் நீளக் கல்லின் நடுவில் 1 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் அந்த வளைவின் ஆரம் 5 மீட்டர். 18 மில்லிமீட்டர் அகலக் கத்தி அதில் உட்காரும்போது கோணத்தில் வரும் வித்தியாசம், பக்கத்துக்கு ஒரு டிகிரியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற நெடுக்குக் குழி செய்கிற கெடுதல் கொஞ்சம். கண்ணுக்கே தெரியாத குறுக்குக் குழி செய்கிற கெடுதல் அதிகம். மூன்றாவது ஒன்றும் உண்டு: முறுக்கு. கல்லின் எதிரெதிர் மூலைகள் இரண்டு உயர்ந்து மற்ற இரண்டும் தாழ்ந்திருப்பது. ஒரே கையால் ஒரே மாதிரித் தள்ளிப் பழகியவர்களின் கல்லில் இது கட்டாயம் இருக்கும்.

அப்படியானால் குழி விழுந்த மஞ்சள் கல்லை வைத்துக்கொண்டு தாத்தா எப்படிக் காலம் தள்ளினார்? பலரும் கேட்கிற நியாயமான கேள்வி இது. பதில் எளிமையானது. அவரிடம் இருந்தது ஒரு கல், ஒரு கத்தி, ஒரு கை. கல் எப்படிக் குழிந்ததோ அதற்கேற்பக் கத்தியின் வாயும் மெல்ல வளைந்துகொண்டே வந்தது. இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்துப் பொருந்திவிட்டன. அதே கத்தியை இன்னொருவர் கல்லில் வைத்தால்தான் பொருத்தமின்மை வெளியே வரும். இன்றைக்கு வேலை அப்படி நடப்பதில்லை. 1000 நம்பர் கல்லில் வாய் கட்டி, 4000இல் அதன் கீறலை அழித்து, 8000இல் மெருகேற்றி, 12000இலோ இயற்கைக் கல்லிலோ முடிக்கிறோம். 1000 கல் குழிந்தும் 8000 கல் மட்டமாகவும் இருந்தால், முதல் கல் கட்டிய வாயை மூன்றாவது கல் சந்திக்கவே சந்திக்காது. கற்களுக்குள் பொருத்தம் வேண்டும். பல ஊர்க் கத்திகளும் பல வகைக் கற்களும் ஒத்துப்போகக்கூடிய ஒரே உருவம் தட்டை. மட்டத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

மட்டம் பார்ப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். நல்ல ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி, அதன் விளிம்பைக் கல்லின் மேல் வைத்து, பின்னால் வெளிச்சம் வரும்படி பிடித்துப் பார்க்க வேண்டும். நெடுக்கே, குறுக்கே மூன்று நான்கு இடங்களில், பிறகு இரண்டு மூலைவிட்டங்களிலும். முறுக்கு மூலைவிட்டத்தில்தான் பிடிபடும். தீட்டும்போதே கல் தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடம் ஒன்றும் இருக்கிறது. கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தியை வாய் முன்னே இருக்கத் தள்ளும்போது, வாய்க்கு முன்னால் மெல்லிய நீர்க்கோடு ஒன்று ஓடும். வாய் முழுக்கக் கல்லைத் தொட்டால் அந்தக் கோடு குதிகாலிலிருந்து முனைவரை அறுபடாமல் முன்னே போகும். தொடாத இடத்தில் தண்ணீர் கத்திக்கு அடியில் நுழைந்து பின்பக்கம் தங்கிவிடும். கண் ஒருமுறை பழகிவிட்டால் ஸ்கேலை எடுப்பதற்கு முன்பே கல்லின் நிலவரம் தெரிந்துவிடும். சந்தேகமிருந்தால் வாயோரத்தில் மார்க்கர் மை பூசி நாலு தள்ளு தள்ளுங்கள். மை அழியாத இடம்தான் கல் படாத இடம்.

மட்டமாக்குவதைப் பற்றி எனக்கு மிகத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தவர் சவரத்தொழிலைச் சேர்ந்தவர் அல்ல. கணபதியில் ஒரு பம்பு பட்டறையில் ஃபிட்டராக இருந்த அண்ணன் ஒருவர். சர்ஃபேஸ் பிளேட்டில் புளூ பூசி, தேய்க்க வேண்டிய பாகத்தை அதன்மேல் வைத்து எடுத்து, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டிச் சுரண்டி மட்டம் கொண்டுவருகிற வேலை அவருடையது. இரண்டு கற்களை ஒன்றோடொன்று தேய்த்தால் இரண்டும் மட்டமாகிவிடும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. "ரெண்டு போதாதுங்க, மூணு வேணும்" என்றார் அவர். அது பட்டறைப் பேச்சு மட்டுமல்ல. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1840இல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் மெய்யான தட்டைப் பரப்பு பற்றிக் கட்டுரை படித்தார். இன்றைய இயந்திரத் தொழிலின் துல்லியம் அந்த வழியில் வந்தது.

காரணம் இது. இரண்டு பரப்புகளைத் தேய்க்கும்போது ஒன்று குழிந்து மற்றொன்று அதற்கேற்ப உப்பினாலும் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்ப்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரு கண்ணாடி வட்டுகளை வைத்து நடுவின் மேல் நடு வருமாறு தேய்த்தால் மேல் வட்டு குழியும், கீழ் வட்டு உப்பும். குழி ஆடி பிறப்பது அப்படித்தான். சவரக்கல்லில் அது நமக்கு ஆகாது. மூன்று பரப்புகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை முதலாவதோடும் மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டே வந்தால், குழியோ மேடோ ஒளிந்துகொள்ள இடமில்லை. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தக்கூடிய ஒரே நிலை தட்டை. கையில் வேறெதுவும் இல்லாதபோது ஒரே வகை, ஒரே நம்பர் கற்கள் மூன்றை வைத்து இப்படி மட்டம் எடுக்கலாம்.

பெரும்பாலான வீடுகளில் மூன்று கற்கள் இருக்காது. அவர்களுக்குக் கண்ணாடி போதும். இன்று கடையில் கிடைக்கும் தடித்த கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு உருவாக்கப்படுவது. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த முறை அது. திரவத்தின் மேல் மிதந்து பரவியதால் கிடைத்த தட்டை, நம் வேலைக்குத் தாராளமாகப் போதும். 10 அல்லது 12 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். மெல்லிய கண்ணாடி கீழேயுள்ள பலகையின் கோணலுக்கெல்லாம் வளைந்துகொடுக்கும். கண்ணாடியின் மேல் தண்ணீரோடு வாட்டர் பேப்பரை ஒட்டியோ, சிலிக்கான் கார்பைடு தூளைத் தூவியோ தேய்க்கலாம். செயற்கை வைரம் செய்ய முயன்ற எட்வர்ட் அச்சிசன் 1891இல் அமெரிக்காவில் எதிர்பாராமல் கண்டெடுத்த பொருள் அந்தத் தூள். நம் ஊரில் அதைக் கார்போரண்டம் என்றே சொல்கிறோம். முருகப்பா குழுமம் அமெரிக்க, ஆங்கிலேய நிறுவனங்களோடு சேர்ந்து 1954இல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கிய பிறகு பட்டறைகளுக்குப் பழக்கமான பெயர் அது. அதற்கு முன்னும் நம் மண்ணில் தேய்ப்புப் பொருளுக்குப் பஞ்சமில்லை. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் குருந்தம் கிடைக்கிறது. குருந்தத் தூளை அரக்கில் கலந்து வார்த்ததுதான் பழைய சாணைச் சக்கரம். இன்றைய ஜப்பானிய 1000 நம்பர் நீர்க்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடும் வேதியியலில் அதே குருந்தம்தான்.

தூளா, தாளா, வைரத் தகடா என்பது கல்லைப் பொறுத்தது. தூள் கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே உருண்டு உருண்டு இரண்டையும் பெயர்க்கும். கடினமான கல்லுக்கு அதுதான் சரி. மிருதுவான நீர்க்கல்லில் தூள் பதிந்து தங்கிவிடும், பிறகு கத்தியின் வாயில் ஆழமான கோடு போடும். ஆகவே நீர்க்கற்களுக்கு வைரத் தகடு. எஃகின் மேல் நிக்கலால் வைரப்பொடியைப் பதித்த தகடு அது. 325 மெஷ் தகட்டில் வைரத்தின் அளவு 45 மைக்ரான். தகட்டையும் ஸ்கேல் வைத்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். வைரம் என்பதால் மட்டமாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

வேலை இப்படிப் போகும். நீர்க்கல்லைத் தண்ணீர் குடிக்கவிட்டு எடுத்து, மேலே பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுகிறேன், ஓரம்வரை. குழாயைச் சன்னமாகத் திறந்து அதன் கீழே கல்லைப் பிடித்து, தகட்டை அதன் மேல் வைத்து அழுத்தாமல் நகர்த்துகிறேன். தண்ணீர் ஓடாவிட்டால் இரண்டு தட்டைப் பரப்புகளும் ஒட்டிக்கொள்ளும், நகராது. நாலைந்து சுற்றிலேயே ஓரங்களில் கோடு அழிந்து, நடுவில் நீள்வட்டமாக ஒரு தீவு மிஞ்சும். அதுதான் குழி. அந்தத் தீவு சுருங்கிச் சுருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கல்லைத் தலைகீழாகத் திருப்புகிறேன். கை தன்னையறியாமல் ஒரு பக்கம் கூடுதலாக அழுத்தும். திருப்பாவிட்டால் கல் தட்டையாகவே இருந்தும் ஒரு தலை தடித்து மறுதலை மெலிந்து ஆப்பாகிவிடும். கடைசிக் கோடு மறைந்ததும் நிறுத்திவிட முடியாது. மறுபடி கட்டம் போட்டுத் தேய்க்க வேண்டும். இந்தமுறை எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் மங்கி ஒரே நேரத்தில் மறைந்தால்தான் மட்டம் வந்தது என்று அர்த்தம். பிறகு நான்கு விளிம்புகளையும் அதே தகட்டால் சாய்த்து மழுக்கிவிட வேண்டும். மட்டமான கல்லின் விளிம்பு கூராக நிற்கும். கத்தியின் வாய் அதில் ஒருமுறை இடறினால் பல்லு விழும்.

இதோடு பாதி வேலைதான் முடிந்தது. மட்டம் வேறு, முகம் வேறு. அப்பா இந்த இரண்டு சொற்களையும் தனித்தனியாகவே வைத்திருந்தார். மட்டமாகவே இருக்கிற கல்லும் நாளடைவில் வழுவழுத்துப் போய் எஃகைப் பிடிக்காமல் வழுக்கும். தெருவில் 'அம்மி கொத்தலையோ' என்று குரல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தேங்காயும் மிளகாயும் அரைத்து அரைத்து மழுங்கிய அம்மியை உளியால் கொத்திப் புது முகம் கொடுப்பதுபோலத்தான், சவரக்கல்லுக்கும் அவ்வப்போது மேல்தோலை எடுத்துப் புது மணிகளை வெளியே கொண்டுவர வேண்டும். ஆனால் இங்கே எவ்வளவு சொரசொரப்பு என்பதில் கவனம் வேண்டும்.

அமெரிக்காவின் அர்கன்சாஸ் மலைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. மணிகள் மிக நுண்மையானவை, மிக இறுக்கமானவை. அது லேசில் தேயாது, குழியாது. அதனால் அதற்கு மட்டம் பார்க்கும் வேலை அபூர்வம், முகம் பார்க்கும் வேலைதான் முக்கியம். அதே கல்லை 35 மைக்ரான் அளவுள்ள பி400 தாளில் தேய்த்து நிறுத்தினால் எஃகைக் கடித்துத் தின்னும். அதற்கு மேலும் மெல்லிய தாள்களில் ஏறி, கடைசியில் ஒரு பழைய கத்தியாலோ உளியின் முதுகாலோ தேய்த்து வழுவழுப்பாக்கினால், அதே கல் மெருகு மட்டும் போடும். கல் மாறவில்லை, முகம்தான் மாறியது. கல் ஒத்துவரவில்லை என்று விற்க நினைக்கிறவர்களிடம் நான் முகத்தை மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

நீர்க்கல்லின் கதை நேரெதிர். அதில் மணிகளைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்பு மென்மையானது. தேயத் தேயப் புது மணி தானாகவே வெளியே வரும், முகத்தைப் பற்றிக் கவலையில்லை. அதே காரணத்தால் மட்டம் சீக்கிரம் போகும். 1000 நம்பர் கல்லை நான் ஒவ்வொரு கத்திக்கும் முன்னால் பார்க்கிறேன். 8000, 12000 கற்களில் வைரத் தகட்டின் கோடு தங்கியிருந்தால் அது வாயில் தெரியும். ஆகவே தகட்டில் மட்டம் எடுத்த பிறகு, அதே நம்பரிலோ அதற்குப் பக்கத்து நம்பரிலோ உள்ள சின்னக் கல்துண்டால் மேலே தேய்த்து அந்தக் கோட்டை அழித்துவிடுகிறேன். ஜப்பானியர்கள் நகுரா என்று ஒரு துண்டுக்கல் வைத்திருப்பது இதற்கும் உதவும். பிறகு பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். முந்தைய கல்லின் ஒரே ஒரு மணி 12000இன் மேல் தங்கினாலும், அதுவரை செய்த வேலை அத்தனையும் போய்விடும். எந்தக் கல்லானாலும் ஈரத்திலேயே தேய்க்க வேண்டும். இயற்கைக் கற்களின் தூசியில் சிலிக்கா உண்டு. உலர் தேய்ப்பில் அது நுரையீரலுக்குப் போகும். கல் உடைப்பவர்களுக்கு வருகிற நோயின் காரணமும் அதே சிலிக்காதான்.

தாத்தாவின் மஞ்சள் கல் பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சால்ம் பக்கம் கிடைக்கிற கொட்டிக்கூல். களிமண் பாறைக்குள் நுண்ணிய கார்னெட் மணிகள் நிறைந்தது. மஞ்சள் நரம்பு மெல்லியதாகவே கிடைப்பதால், தாங்கலுக்குக் கருநீலப் பலகைக்கல்லோடு சேர்த்து விற்பார்கள். நான் அதை மறுபடி பெட்டியிலிருந்து எடுத்தபோது நடுவில் மஞ்சள் மெலிந்து கிடந்தது. இரு தலைகளிலும் தடிப்பாக இருந்த அடுக்கு, நடுவில் ஒரு தகட்டளவுக்கு வந்திருந்தது. ஸ்கேல் வைத்தேன். நெடுக்கே நன்றாக இறங்கியிருந்தது. குறுக்கே கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. முழுக்க மட்டமாக்க வேண்டுமென்றால் இரு தலைகளையும் நடுவின் ஆழத்துக்கு இறக்க வேண்டும். செய்யலாம். ஆனால் தாத்தா காலத்திலிருந்து மிஞ்சியிருக்கும் மஞ்சளில் பெரும்பகுதி சேறாகிக் குழாயடியில் போய்விடும்.

மேலே சொன்ன கணக்கு கைகொடுத்தது அங்கேதான். நெடுக்குக் குழி இருந்துவிட்டுப் போகட்டும், குறுக்குக் குழியை மட்டும் எடுத்தால் போதும் என்று முடிவு செய்தேன். இரண்டு விரல் அகலத்துக்குத் தடித்த கண்ணாடிப் பட்டை ஒன்றை வெட்டி வாங்கி, வாட்டர் பேப்பரை ஒட்டி, கல்லின் குறுக்கே வைத்துக் குறுக்குவாட்டிலேயே தேய்த்துக்கொண்டு, ஒரு தலையிலிருந்து மறு தலைவரை மெல்ல நகர்ந்து வந்தேன். பட்டை குறுகலாக இருப்பதால் நெடுக்கு வளைவின் மேலேயே ஏறி இறங்கிப் போகும், தலைகளைக் கடிக்காது. குறுக்குக் கோடுகள் ஒவ்வொன்றும் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராக மறைந்தபோது நிறுத்தினேன். நடுவில் மஞ்சள் அப்படியே மிஞ்சியது. கத்தியை வைத்துத் தள்ளியதும் நீர்க்கோடு அறுபடாமல் முன்னே ஓடியது. அந்தக் கல்லில்தான் இன்றும் என் கத்திகளை முடிக்கிறேன்.

எல்லாக் கல்லையும் எப்போதும் கண்ணாடிபோல் தட்டையாக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தேய்ப்பதெல்லாம் கல்லின் ஆயுளிலிருந்து எடுப்பது. இயற்கைக் கல் திரும்ப வளராது. ஜெர்மனியின் துரிங்கியாவிலிருந்து வந்த எஷர் போன்ற பழைய கற்களுக்குப் புதுச் சரக்கும் இல்லை. எந்த இடத்துக் குழி கத்தியைக் கெடுக்கிறது, எது கெடுக்கவில்லை என்று தெரிந்து, கெடுப்பதை மட்டும் எடுப்பதுதான் தொழில். இந்தப் பகுத்தறிவு இல்லாதவர் கையில் வைரத் தகடு கல்லைத் தின்றுவிடும். அது இருப்பவருக்கு ஒரு கண்ணாடிப் பட்டையும் தாளும் போதும்.

புதிதாகத் தீட்டக் கற்க வருகிற தம்பிகளிடம் நான் முதலில் கத்தியைக் கொடுப்பதில்லை. ஒரு 1000 நம்பர் கல், ஒரு பென்சில், ஒரு ஸ்கேல், ஒரு வைரத் தகடு கொடுக்கிறேன். குறுக்கே, நெடுக்கே, மூலைவிட்டத்தில் பார்த்து, எந்த வகைக் கோணல் என்று வாயால் சொல்லச் சொல்கிறேன். பெயர் சொல்லத் தெரிந்த பிறகுதான் தகட்டைத் தொட வேண்டும். மட்டம் எடுத்தபின் கல்லைக் கழுவி, காயவைத்து, விரலால் தடவி முகம் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இதில் தேறியவர்களுக்குக் கத்தி தீட்டுவது சீக்கிரம் வருகிறது. தங்கள் கைமேல் சந்தேகம் வரும்போது, முதலில் கல்லைச் சோதித்துவிட்டு அந்தச் சந்தேகத்துக்குத் திரும்ப அவர்களுக்குத் தெரிந்திருப்பதுதான் காரணம்.

வீட்டில் தனியாகப் பழகுகிறவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். பதம் வரவில்லை என்றதும் கை அடுத்த கல்லை, இன்னும் மெல்லிய கல்லை வாங்கத் துடிக்கும். 12000 நம்பரால் 1000 நம்பரின் கோணலைச் சரிசெய்ய முடியாது. அந்தக் கல்லுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு நல்ல தகடு வாங்குங்கள். தீட்டி முடித்துக் கல்லை எடுத்துவைக்கும்போதே ஸ்கேல் வைத்துப் பார்த்து, கோணல் இருந்தால் அப்போதே எடுத்துவிட்டு வையுங்கள். அடுத்தமுறை கத்தியோடு அமரும்போது கையின் கவனம் முழுவதும் கத்திக்கே கிடைக்கும்.